எண்ணிப் பார்த்தால் தெரியும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் களப்பணிக் குழு சார்பில் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், தவணை, தீர்மான நோட்டு என்று பேசுவோம். இன்றைக்கும் கணக்குதான். ஆனால் கொஞ்சம் வேற கணக்கு. ஒரு காரியம் நடக்குமா நடக்காதா என்று உறுதியாகச் சொல்ல முடியாதபோது, நடக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிற கணக்கு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இதை 'நிகழ்தகவு' என்று படிக்கிறார்கள். பேரைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். தீப்பெட்டி ஆபீஸில் குரோஸுக்கு 144 என்று மனசுக்குள்ளேயே பெருக்கி, வாரக் கூலி சரியாக வந்திருக்கிறதா என்று சொல்லிவிடுகிற உங்களுக்கு இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

இதை ஏன் இப்போது பேசுகிறோம்? குழுக்களுக்குப் போகும்போது மூன்று பேச்சுகள் திரும்பத் திரும்ப எங்கள் காதில் விழுகின்றன.

ஒன்று: "சீட்டை முதல்ல எடுக்கிறவங்களுக்குத்தான் விழும், கடைசியில எடுத்தா ஒண்ணும் கிடைக்காது."

இரண்டு: "தினம் ஒண்ணு வாங்கினா என்னைக்காவது ஒருநாள் விழாமலா போகும்?"

மூன்று: "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகல, இனிமேலா ஆகப்போகுது?"

முதல் பேச்சு குழுவில் சண்டையை வளர்க்கிறது. இரண்டாவது பேச்சு வீட்டுப் பணத்தைக் கொண்டுபோகிறது. மூன்றாவது பேச்சு உயிரையே கேட்கிறது. மூன்றுக்கும் பதில் ஒரே கணக்கில் இருக்கிறது.

தாயக்கட்டையில் தொடங்குவோம்

தாயம் ஆடாதவர் நம்மில் யார்? பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொரு கட்டையிலும் நான்கு பக்கம். ஒரு பக்கம் ஒரு புள்ளி, அடுத்தது இரண்டு, அடுத்தது மூன்று, இன்னொரு பக்கம் வெறுமை. இரண்டையும் உருட்டினால் எத்தனை விதமாக விழலாம்?

முதல் கட்டை நான்கு விதமாக விழும். அது எப்படி விழுந்தாலும் இரண்டாவது கட்டைக்கு நான்கு விதம் இருக்கிறது. ஆக நான்கு நான்கு பதினாறு. நம்ம ஊரிலிருந்து சிவகாசிக்கு மூன்று பஸ், சிவகாசியிலிருந்து விருதுநகருக்கு நான்கு பஸ் என்றால், மாறிப் போக மொத்தம் பன்னிரண்டு வழி. அதே மாதிரிதான். ஒன்றை அடுத்து ஒன்று வந்தால் பெருக்க வேண்டும். எண்ணும் கணக்கில் முதல் விதி இதுதான்.

இப்போது அந்தப் பதினாறை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். தாயம், அதாவது மொத்தம் ஒன்று விழ, ஒரு கட்டையில் ஒன்று, மற்றதில் வெறுமை வர வேண்டும். இந்தக் கட்டையில் ஒன்று அந்தக் கட்டையில் வெறுமை, இல்லையென்றால் மாற்றி. ஆக இரண்டு வழி. இரண்டு விழ மூன்று வழி. மூன்று விழ நான்கு வழி. நான்கு விழ மூன்று வழி. ஐந்து விழ இரண்டு வழி. ஆறு விழ ஒரே வழி, இரண்டிலும் மூன்று வர வேண்டும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கும் ஒரே வழி. கூட்டிப் பாருங்க: 2, 3, 4, 3, 2, 1, 1. மொத்தம் பதினாறு. கணக்கு சரி.

இதனால்தான் வேண்டாத மூன்று அடிக்கடி விழுகிறது, வேண்டுகிற தாயம் விழ மாட்டேன் என்கிறது. கட்டைக்கு நம்மேல் கோபம் இல்லை. மூன்றுக்கு நான்கு வழி இருக்கிறது, தாயத்துக்கு இரண்டுதான். பதினாறில் இரண்டு, அதாவது எட்டில் ஒன்று.

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம். எட்டில் ஒன்று என்றால், எட்டுத் தடவை உருட்டினால் ஒரு தடவை கட்டாயம் விழும் என்று அர்த்தமா? இல்லை. கட்டைக்கு ஞாபகம் கிடையாது. ஏழு தடவை ஏமாற்றிவிட்டோமே, பாவம், இந்தத் தடவை கொடுத்துவிடுவோம் என்று அது நினைப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் புதுத் தடவை.

சரி, விழாமலே போக எவ்வளவு வாய்ப்பு? ஒரு தடவை விழாமல் போக எட்டில் ஏழு. இரண்டு தடவையும் விழாமல் போக, எட்டில் ஏழை இன்னொரு எட்டில் ஏழால் பெருக்க வேண்டும். அது அறுபத்து நான்கில் நாற்பத்தொன்பது. இப்படி ஒவ்வொரு தடவைக்கும் பெருக்கிக்கொண்டே போனால், நூறு பேர் ஆளுக்கு எட்டுத் தடவை உருட்டும்போது சுமார் 34 பேருக்குத் தாயமே விழுந்திருக்காது. மூன்றில் ஒருவர்! எட்டுத் தடவை உருட்டியும் கட்டத்துக்குள் இறங்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர் அதிர்ஷ்டம் கெட்டவர் இல்லை. அது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

விழாமல் இருக்கிற பங்கைப் பெருக்கிக்கொண்டே போவது: இந்த ஒரு வித்தையை மட்டும் மனதில் வையுங்கள். இன்றைக்குப் பேசப்போகிற எல்லாவற்றுக்கும் இதுதான் சாவி.

யார் முதலில் எடுத்தால் என்ன?

முதல் பேச்சுக்கு வருவோம். ஒரு குழுவில் பன்னிரண்டு பேர். உள்கடன் கொடுக்க ஒருவருக்குத்தான் பணம் இருக்கிறது. எல்லோருக்கும் தேவை ஒரே மாதிரி. அதனால் குலுக்கல். பன்னிரண்டு சீட்டு, ஒன்றில் மட்டும் குறி. யார் முதலில் எடுப்பது என்று ஒரே தகராறு.

முதலில் எடுப்பவருக்கு வாய்ப்பு பன்னிரண்டில் ஒன்று. இதில் சந்தேகமில்லை.

இரண்டாவது ஆளுக்கு? முதல் ஆளுக்கு விழாமல் இருந்தால்தான் இவருக்கு வழி. முதல் ஆளுக்கு விழாமல் போக பன்னிரண்டில் பதினொன்று. பிறகு மிச்சம் பதினொரு சீட்டு, அதில் ஒன்று. பன்னிரண்டில் பதினொன்றையும் பதினொன்றில் ஒன்றையும் பெருக்குங்கள். மேலே ஒரு பதினொன்று, கீழே ஒரு பதினொன்று. இரண்டும் அடிபட்டுப் போகும். மிச்சம் பன்னிரண்டில் ஒன்று!

மூன்றாவது ஆளுக்குப் போட்டாலும் இதே மாதிரி அடிபட்டு அடிபட்டு, கடைசியில் பன்னிரண்டில் ஒன்றுதான் நிற்கும். பன்னிரண்டாவது ஆளுக்கும் அதேதான். முதலில் எடுப்பவருக்குச் சீட்டு அதிகம், கடைசியில் எடுப்பவருக்கு ஒரே சீட்டு. ஆனால் கடைசி ஆள்வரைக்கும் குறி மிஞ்சியிருக்கவும் வேண்டுமே. இரண்டும் சேர்ந்து சமமாகிவிடுகிறது. அதனால் யார் முதலில் எடுப்பது என்று இனி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சண்டை போட வேண்டிய இடம் வேறே இருக்கிறது. சீட்டுகள் எல்லாம் ஒரே தாளில், ஒரே அளவில் வெட்டியதா? ஒரே மாதிரி மடித்ததா? போடுவதற்கு முன்னால் பன்னிரண்டும் இருக்கிறதா, ஒன்றில் மட்டும்தான் குறி இருக்கிறதா என்று எல்லோர் முன்னிலையிலும் காட்டினார்களா? நன்றாகக் குலுக்கினார்களா? மிச்சச் சீட்டுகளையும் கடைசியில் பிரித்துக் காட்டினார்களா? வாய்ப்பு சமம் என்ற கணக்கு, சீட்டுகள் சமமாக இருந்தால்தான் நிற்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருவர் வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு, இன்னொருவருக்குச் சேலை வாங்க ஆசை என்றால் அங்கே குலுக்கலே கூடாது. தேவையைப் பேசி முடிவெடுக்க வேண்டும். தேவை சமமாக இருந்தால் மட்டும்தான் குலுக்கல் நியாயம்.

இதே பன்னிரண்டு பேரில் இன்னொரு எண்ணும் கணக்கு. ஒரு ஊக்குநர், ஒரு பிரதிநிதி தேர்ந்தெடுக்க எத்தனை வழி? ஊக்குநருக்குப் பன்னிரண்டு வழி, பிரதிநிதிக்கு மிச்சம் பதினொன்று. ஆக 132. ஆனால் வங்கிக்குப் போய்வர இரண்டு பேர் என்றால்? முத்தும் செல்வியும் போவதும், செல்வியும் முத்தும் போவதும் ஒன்றுதானே. ஒரே ஜோடியை இரண்டு தடவை எண்ணிவிட்டோம். அதனால் பாதி, 66 ஜோடி. வரிசை முக்கியமா இல்லையா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். எண்ணும் கணக்கில் இது இரண்டாவது விதி. 66 ஜோடி இருக்கும்போது, எல்லா வாரமும் ஒரே ஜோடிதான் வங்கிக்குப் போகிறது என்றால், மற்றவர்கள் எப்போது பழகுவது என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்.

மூன்று எண் லாட்டரி

அடுத்தது வீட்டுப் பணத்தைக் கொண்டுபோகிற பேச்சு.

கேரளத்தில் அரசு லாட்டரி 1967-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1968-ல் வந்தது. அந்தக் காலத்தில் லாட்டரிச் சீட்டு அச்சடிப்பதில் நம்ம சிவகாசி அச்சகங்களுக்கும் பங்கு உண்டு. கூலிப் பணம் முழுவதும் சீட்டுக்குப் போய் எத்தனையோ குடும்பங்கள் சீரழிந்ததைப் பார்த்த பிறகு, 2003 ஜனவரியில் தமிழ்நாடு அரசு லாட்டரியைத் தடை செய்தது. கடைகள் மூடின. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. கேரள லாட்டரியில் பரிசு விழுகிற எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்து, துண்டுச் சீட்டிலும் செல்போனிலும் சட்டவிரோதமாக ஓடுகிறது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் இந்த மூன்று எண் லாட்டரியால் கடனில் மூழ்கிய ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பம், மூன்று பெண் குழந்தைகளோடு உயிரை விட்டது. செய்தி படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இதில் எத்தனை எண் இருக்கிறது என்று எண்ணுவோம். ஒவ்வொரு இலக்கத்துக்கும் 0 முதல் 9 வரை பத்து வழி. பத்துப் பத்து நூறு, நூறு பத்து ஆயிரம். 000-லிருந்து 999 வரை ஆயிரம் எண். உங்கள் சீட்டில் இருப்பது ஒன்று.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். சீட்டு 50 ரூபாய். மூன்று எண்ணும் சரியாக விழுந்தால் 25,000 ரூபாய். கேட்கும்போது பெரிய தொகைதான். ஆனால் ஆயிரம் எண்ணையும் ஒரே ஆள் வாங்கினால் என்ன ஆகும்? கட்டாயம் விழும். அதற்கு அவர் கொடுத்தது 50,000, கிடைத்தது 25,000. எல்லா எண்ணையும் வாங்கி நிச்சயமாக ஜெயித்த ஆளுக்கே பாதிப் பணம் போய்விடுகிறது. அப்படியானால் ஒரு எண் வாங்கும் நமக்கு? ஒவ்வொரு 50 ரூபாயிலும் 25 ரூபாய் வாங்கின நிமிஷமே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"தினமும் வாங்கினா ஒருநாள் விழும்" என்கிறார்களே, அதையும் பார்த்துவிடுவோம். தாயத்துக்குப் போட்ட அதே கணக்கு. ஒருநாள் விழாமல் போக ஆயிரத்தில் 999. அதைப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். நூறு பேர் வருஷத்தில் 300 நாள் வாங்கினால், சுமார் 74 பேருக்கு வருஷம் முழுக்க ஒரு தடவைகூட விழாது. ஆளுக்கு 15,000 ரூபாய் போயிருக்கும். ஆயிரம் நாள் வாங்கினால் விழாமலா போகும்? அப்போதும் நூறு பேரில் சுமார் 37 பேருக்கு ஒரு தடவைகூட விழாது. ஆளுக்குப் போனது 50,000. ஒரு தடவை விழுந்தவருக்கும் 25,000-தான் திரும்பி வந்தது. அவரையும் நாம் ஜெயித்தவர் என்கிறோம்.

இன்னொரு மயக்கம் இருக்கிறது. "அடடா, ஒரு நம்பர்ல போச்சே! 456 விழுந்தது, என்கிட்ட 451 இருந்தது. நெருங்கி வந்துட்டேன், நாளைக்குக் கட்டாயம் விழும்." இதையும் எண்ணிப் பாருங்கள். மூன்று இலக்கத்தில் இரண்டு பொருந்தி ஒன்று மட்டும் தப்ப எத்தனை வழி? தப்புகிற இடம் மூன்றில் ஒன்று. அந்த இடத்தில் சரியான எண் தவிர மிச்சம் ஒன்பது எண் வரலாம். மூன்று ஒன்பது 27. சரியாக விழ ஒரு வழி, ஒரு எண்ணில் தப்ப 27 வழி. அப்படியென்றால் 'நெருங்கி வந்த' அனுபவம் ஜெயிப்பதைவிட 27 மடங்கு அதிகமாக நடக்கும். அது அதிர்ஷ்டம் நம்மை நெருங்கி வருவதற்கு அடையாளம் இல்லை. ஆட்டத்தின் அமைப்பே அப்படி. மறுநாளும் ஆயிரத்தில் ஒன்றேதான்.

"வாங்குறவங்க எல்லாம் தோக்குறாங்க, விக்கிறவன் மட்டும் எப்படித் தோக்கமாட்டேங்கிறான்?" என்று கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்கள். நல்ல கேள்வி. எட்டுத் தடவை உருட்டினால் தாயம் விழலாம், விழாமலும் போகலாம், இரண்டு மூன்று தடவையும் விழலாம். ஆனால் எண்ணாயிரம் தடவை உருட்டினால் ஆயிரத்துக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். தடவை கூடக் கூட ஏற்ற இறக்கம் அடங்கிவிடும். நாம் ஒரு சீட்டு வாங்குகிறோம், நமக்கு எல்லாமே அதிர்ஷ்டம். அவன் ஆயிரக்கணக்கில் விற்கிறான், அவனுக்கு அது சம்பளம் மாதிரி. செல்போனில் காசு கட்டி ஆடும் ஆட்டத்துக்கும் இதே கதைதான். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு அதைத் தடுத்துச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் விட வேண்டியதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தாலே விட்டுவிடலாம்.

"இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகல"

இப்போது மூன்றாவது பேச்சு. இதற்காகத்தான் இத்தனை நேரம் தாயமும் லாட்டரியும் பேசினோம்.

நம் சுற்றுவட்டாரத்தில் பட்டாசு வேலைக்குப் போகாத வீடு குறைவு. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். புகையைப் பார்த்து உதவி செய்ய ஓடிவந்தவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். இவை பெரிய விபத்துகள் என்பதால் தேதி ஞாபகம் இருக்கிறது. ஒருவர் இருவராகப் போனவர்களின் தேதி அந்தந்த வீட்டுக்குத்தான் தெரியும்.

விதியை மீறிச் செய்கிற ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். மருந்துப் பாத்திரத்தைத் தரையில் இழுப்பது, அளவுக்கு மேல் மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது, செல்போனோடு உள்ளே போவது, வீட்டில் வைத்துக் கருந்திரி செய்வது. இதில் ஒருநாளைக்கு விபத்து வர வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பத்தாயிரத்தில் ஒன்று மிகச் சின்ன எண்தான். லாட்டரியைவிடப் பத்து மடங்கு அரிது. அதனால்தான் நாளைக்கு நடக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தோன்றாததில் தப்பும் இல்லை, நாளைக்கு நடக்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம்.

ஆனால் நாம் ஒருநாள் மட்டும் வேலைக்குப் போவதில்லையே. வருஷத்துக்கு 300 நாள் போகிறோம். பத்து வருஷத்தில் 3,000 நாள். விழாமல் இருக்கிற பங்கைப் பெருக்கிக்கொண்டே போகும் அதே கணக்கைப் போடுங்கள். பத்து வருஷத்தில் நூறு பேரில் சுமார் 26 பேருக்கு அந்த நாள் வந்துவிடுகிறது. பதினெட்டு வயசில் போய் நாற்பத்தெட்டு வரைக்கும் முப்பது வருஷம், 9,000 நாள் என்றால், நூறில் சுமார் 59 பேர். பாதிக்கு மேல்!

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்றைக் கவனியுங்கள். தினமும் லாட்டரி வாங்கி வருஷத்தில் ஒரு தடவையாவது விழ வாய்ப்பு எவ்வளவு? 74 பேருக்கு விழாது என்றோம். மிச்சம் 26. பத்து வருஷத்தில் விபத்து வர வாய்ப்பு எவ்வளவு? அதே 26. ஒரே எண். லாட்டரியில் இந்த 26-ஐப் பார்த்துவிட்டு "கட்டாயம் விழும்" என்று பணத்தைப் போடுகிறோம். விபத்தில் அதே 26-ஐப் பார்த்துவிட்டு "நமக்கெல்லாம் வராது" என்று உள்ளே போகிறோம். ஆசைப்படுகிற இடத்தில் எண்ணைப் பெரிதாகவும், பயப்பட வேண்டிய இடத்தில் சின்னதாகவும் பார்க்கிறது நம்ம மனசு. எண் மாறவில்லை.

"இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகல" என்பதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. ஏழு தடவை தாயம் விழவில்லை என்பதால் எட்டாவது தடவைக்கு வாய்ப்பு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இத்தனை வருஷம் தப்பித்தது நாளைக்குக் கவசம் ஆகாது. நாளைக்குக் காலையில் புதிதாக ஒரு தடவை உருட்டுகிறோம், அவ்வளவுதான்.

"எல்லாம் தலையெழுத்து, நம்ம கையில என்ன இருக்கு?" என்று சிலர் சொல்வீர்கள். கணக்கு என்ன சொல்கிறது என்று பாருங்கள். பருத்திச் சேலை, செல்போன் வெளியே, பாத்திரத்தை இழுக்காமல் தூக்கி வைப்பது, மருந்து அளவோடு, வேலை முடிந்த சரக்கு உடனே வெளியே: இப்படிச் செய்து பத்தாயிரத்தில் ஒன்றை லட்சத்தில் ஒன்றாகக் குறைத்தோம் என்று வைத்துக்கொள்வோம். முப்பது வருஷத்தில் நூறில் 59 என்றிருந்தது சுமார் 9 ஆகிவிடுகிறது. ஐம்பது பேர்! தலையெழுத்து என்று நாம் விட்டுவிட்டதில் இந்த ஐம்பது பேரும் அடக்கம்.

ஒரு அறையில் ஏன் நான்கு பேர்?

ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது விதி. "கூட நாலு பேர் உட்கார்ந்தா என்ன, இடம் இருக்குல்ல" என்று மேஸ்திரி சொல்லலாம். உள்குத்தகைக்கு எடுத்தவர்கள் பன்னிரண்டு பேரைக்கூட உட்கார வைப்பார்கள். மரத்தடியில் உட்கார வைப்பதும் உண்டு.

கணக்குப் போடுவோம். பொறி யார் கையிலிருந்து வேண்டுமானாலும் வரலாம். நான்கு பேர் இருந்தால் தொடங்குவதற்கு நான்கு இடம், பன்னிரண்டு பேர் இருந்தால் பன்னிரண்டு இடம். விபத்து வரும் வாய்ப்பு மூன்று மடங்கு ஆகிறது. வந்துவிட்டால் சிக்குவது யார்? முன்பு நான்கு பேர், இப்போது பன்னிரண்டு பேர். அதுவும் மூன்று மடங்கு. மூன்று மூன்று ஒன்பது. ஆள் மூன்று மடங்கு, ஆபத்து ஒன்பது மடங்கு. கூலி அதே கூலிதான். நான்கு பேர் என்ற விதியைப் போட்டவர்கள் நம்மை அலைக்கழிக்கப் போடவில்லை. இந்தப் பெருக்கலை உடைக்கத்தான் போட்டிருக்கிறார்கள்.

வீட்டில் கருந்திரி செய்கிற சகோதரிகளுக்குத் தனியாகச் சொல்கிறோம். உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது, வீட்டிலிருந்தே நாலு காசு கிடைக்கிறது. ஆனால் அந்த அறையில் அடுப்பு எரிகிறது, சாமி விளக்கு எரிகிறது, பிள்ளை விளையாடுகிறது. கூலிக்கு வராத ஆட்களையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். நூறு ரூபாய் குறைந்தாலும் வேறு தொழிலுக்கு மாற நினைப்பவர்களுக்குக் குழுக் கடனில் முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. உள்கடன் குலுக்கலுக்கு ஒரு முறை வகுத்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். ஒரே தாள், ஒரே மடிப்பு, முன்னும் பின்னும் எல்லாச் சீட்டையும் காட்டுவது. யார் முதலில் எடுப்பது என்ற பேச்சுக்கு இனி இடம் இல்லை.

2. வீட்டில் யாராவது சீட்டு வாங்குகிறார்களா, செல்போனில் காசு கட்டி ஆடுகிறார்களா என்று பாருங்கள். திட்ட வேண்டாம், அழ வேண்டாம். ஒரு நோட்டில் தேதி, கொடுத்தது, வந்தது என்று மூன்று கட்டம் போட்டு மூன்று மாதம் எழுதச் சொல்லுங்கள். பிறகு இரண்டு பேருமாகக் கூட்டிப் பாருங்கள். நாம் சொல்வதைவிட அந்த நோட்டு சொல்வது உறைக்கும்.

3. ஒரே ஆலைக்குப் போகிற உறுப்பினர்கள் சேர்ந்து பேசுங்கள். "ஐந்தாவதாக ஒருவர் உட்கார்ந்தால் நாங்கள் எழுந்து வெளியே நிற்போம்" என்று ஒருவர் தனியாகச் சொன்னால் வேலை போகும். ஆலைக்குப் போகிற அத்தனை பேரும் சேர்ந்து சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும். தேவைப்பட்டால் கூட்டமைப்பும் நாங்களும் உங்களோடு வருவோம்.

வீட்டுக் கணக்கு

ஒவ்வொரு குழுவும் ஒரு ஜோடி தாயக்கட்டை எடுத்து, கூட்டத்தில் சரியாக 80 தடவை உருட்டுங்கள். எத்தனை தாயம் விழுந்தது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். எட்டில் ஒன்று என்பதால் 10-க்குப் பக்கத்தில் வர வேண்டும். ஒரு குழுவுக்கு 6 வரலாம், இன்னொரு குழுவுக்கு 14 வரலாம். அது தப்பில்லை. இருபது குழுவின் எண்ணையும் சேர்த்தால் 1,600 உருட்டல். அப்போது 200-க்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று அடுத்த மாதம் இங்கே பலகையில் எழுதிப் பார்ப்போம்.

இன்னொன்று, பிள்ளைகளோடு சேர்ந்து போட. 4, 5, 6 என்ற மூன்று எண்ணை வரிசை மாற்றி எழுதினால் எத்தனை எண் வரும்? 4, 4, 6 என்றால் எத்தனை? முதலாவதற்கு ஆறு, இரண்டாவதற்கு மூன்று. ஏன் பாதியாகிறது என்று பிள்ளைகள் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், இல்லையென்றால் நீங்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். வங்கிக்குப் போன ஜோடிகளை நினைத்தால் வழி கிடைத்துவிடும்.

தாயக்கட்டையும் எண்ணிக்கையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.